கடிக்காத எறும்பு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் சின்னையாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் புல்லைத்தான் சொல்வார்கள். இருபத்தோரு வருஷம் துரைமார் கிளப்பில் புல்தரைக்கு அவர்தான் பொறுப்பு. டென்னிஸ் ஆடுகிற தரை. பந்து எழும்ப வேண்டிய உயரத்துக்கு எழும்ப வேண்டும், ஒரு விரற்கடை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதற்காக அவர் படாத பாடு இல்லை. வெட்டுவார், பெருக்குவார், இரும்பு உருளையை இழுத்து இழுத்து இரண்டு தோளிலும் காய்ப்பு ஏற்றிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலே, எறும்பைக் கொல்வார். எறும்பு புற்று வைத்தால் தரை மேடு தட்டும், பந்து கோணிக்கொண்டு போகும், துரையின் முகமும் கோணும். ஆகவே வெந்நீரும் மண்ணெண்ணெயும் எப்போதும் தயாராக இருக்கும். எறும்புக்கும் அவருக்கும் ஜென்மப் பகை.

ஜப்பான்காரன் வந்தான், துரைமார் ஓடினார்கள். அவன் வந்த இரண்டாம் வருஷக் கடைசியில் அந்தத் தரையைக் கொத்திக் கிழங்கு போடச் சொல்லி உத்தரவாயிற்று. முதல் வெட்டை யார் வெட்டினார் என்று கேட்க வேண்டாம். மண்வெட்டி யாரிடம் இருந்ததோ அவர்தான். புல்லை மண்ணோடு பெயர்த்துப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி வேலியோரம் போட்டுவிட்டு வந்தவர் மூன்று நாள் வீட்டில் வாய் திறக்கவில்லை. அவர் பெண்சாதி நல்லம்மாளும் எதுவும் கேட்கவில்லை. சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு தின்கிற காலத்தில் புல்லுக்குத் துக்கம் கேட்கிறவள் எவள்?

தரை இருபது துண்டாகப் பிரிந்தது. குவார்ட்டர்ஸில் இருபது வீடு, வீட்டுக்கு ஒரு துண்டு, எல்லாரும் சக்கரவள்ளிக் கொடி நட வேண்டும். பயிர் வேலையைப் பார்க்க வந்த ஜப்பான் அதிகாரி எல்லாரையும் வெயிலில் நிறுத்திப் பேசினார். அதைத் தமிழில் சொன்னவர் நஜ்முதீன். யுத்தத்துக்கு முன் பக்கத்துத் தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையில் துணி தீர்ந்ததும் ஜப்பான் பாஷையைப் படித்துக்கொண்டார், கெட்டிக்காரர்.

அதிகாரி சொன்னது இரண்டே விஷயம். நான்கு மாதத்தில் கிழங்கு தோண்டும்போது யார் பாத்தி நன்றாக இருக்கிறதோ அவரே முழுத் தரைக்கும் மண்டோர், அதாவது மேற்பார்வை பார்க்கிற கங்காணி. மண்டோருக்குக் கிளப்புக்குப் பின்னால் உள்ள குடிசையும், அதற்கென்று தனிக் குழாயும், மாதாமாதம் அரிசியும் கிடைக்கும். இரண்டாவது, பயிருக்குக் கெடுதல் செய்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் தலை தோளில் நிற்காது. இதைச் சொல்லும்போது நஜ்முதீன் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

சின்னையாவுக்கு இரண்டாவது விஷயம் காதிலேயே ஏறவில்லை. அந்தக் குடிசை யாருடையது? துரைமார் ஓடும் வரை இருபத்தோரு வருஷம் அவர் குடியிருந்தது, அதன் பிறகுதான் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அந்தத் தரை யாருடையது? மண்டோர் வேலைக்குப் போட்டி வைப்பதே தனக்குச் செய்கிற அவமரியாதை என்று நினைத்தார். சரி, பெயருக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

பக்கத்துத் துண்டு ஜெயராஜுக்கு விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பார்சல் ஆபீஸில் கிராணி, சீட்டில் முத்திரை குத்துகிற குமாஸ்தா வேலை. முப்பத்தைந்து வயது, மெல்லிய விரல்கள், பாத்தியில் இறங்குவதென்றாலும் காற்சட்டையை அளவு பார்த்து மடித்துவிடுகிற ஆள். முதல் நாள் மண்வெட்டியைப் பிடித்த அழகைப் பார்த்துக் குவார்ட்டர்ஸே சிரித்தது. கொடியை எப்படி நடுவது என்று சின்னையாவிடம்தான் வந்து கேட்டான். அவரும் கணுவைக் காட்டி, எத்தனை விரல் ஆழம் என்றும் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்குத் தாராளமாகவே இருந்தார். தோற்கப்போகிறவனிடம் தாராளமாக இருப்பதில் என்ன நஷ்டம்?

மார்கழியில் நட்டது. தைப்பூசம் வரை மழைக்குக் குறைவில்லை, இருபது பாத்தியும் ஒன்றுபோலத் தழைத்தன. பூசம் கழிந்த மறுநாளிலிருந்து வானம் ஒரு சொட்டுக்கூடத் தரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் மதியம் மூன்று மணிக்கு மழை வராத நாளைப் பார்ப்பதே அபூர்வம், அந்த வருஷம் மாசி முழுக்க அப்படியே போயிற்று. கிள்ளான் ஆறு சுருங்கிச் சேறாகக் கிடந்தது. கிளப்பைச் சுற்றி மிச்சமிருந்த நாலு முழப் புல்விளிம்பு பழுத்து, வெளுத்து, மிதித்தால் நொறுங்கியது. மைனாக்கள் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போயின. நத்தைகள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு வாயை அடைத்துக்கொண்டன. சாயங்காலமானால் தரைக்கு மேல் கூட்டமாகச் சுற்றுகிற தும்பிகளைக் காணோம். தேனீக்கள் பூவைத் தேடுவதை விட்டுவிட்டுக் குழாயடி ஈரத்தில் வந்து உட்கார்ந்தன, பெண்கள் குடம் வைக்கவே பயந்தார்கள். கொசு குறைந்தது ஒன்றுதான் ஜனங்களுக்கு லாபம்.

குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். குடிக்கிறது போகப் பயிருக்கு வீட்டுக்கு ஒரு வாளி. அதற்கு மேல் எடுத்தால் கன்னத்தில் அறை.

சின்னையா தன் பாத்தியைப் புல்தரை மாதிரியே வைத்திருந்தார். ஒரு சருகு கிடக்கக்கூடாது, ஒரு களை தலைகாட்டக்கூடாது, மேட்டு மண்ணைக் கையால் தட்டித் தட்டி வழவழப்பாக்கியிருந்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். வெயில் ஏற ஏற அந்த வழவழப்பான மண் வெடித்தது. விரல் நுழைகிற வெடிப்பு, பிறகு கையே நுழைகிற வெடிப்பு. ஊற்றிய ஒரு வாளித் தண்ணீர் வந்த வழி தெரியாமல் போயிற்று. கொடி வாடி, இலை ஓரம் சுருண்டது.

பக்கத்துப் பாத்தியைப் பார்த்தார். பச்சை.

கிராணி களை எடுக்கத் தெரியாதவன், எடுக்கவும் சோம்பேறி. ஆபீஸில் இங்கிலீஷ் காகிதங்களையெல்லாம் கொளுத்தச் சொல்லி உத்தரவு வந்தபோது, கொளுத்துவதற்கும் சோம்பல் பட்டுக்கொண்டு, பழைய பார்சல் சீட்டுக் கட்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து கொடிகளுக்கு நடுவே பரப்பிவிட்டான். களை மேலே வராதே என்றான். பாத்தி பார்ப்பதற்குக் குப்பைமேடு மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் காகிதத்துக்கு அடியில் மண் ஈரம் காயவில்லை, வெடிக்கவுமில்லை. கொடி காகிதத்தைத் தாண்டி நாலாபுறமும் ஓடியது. அக்கம்பக்கத்து வெட்டுக்கிளிகள்கூடச் சின்னையாவின் பாத்தியை விட்டு அங்கே குடிபோயின. வெட்டுக்கிளிக்கும் தன் பாத்தி பிடிக்கவில்லையே என்று அவருக்கு அதுவும் ஒரு குறை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஜெயராஜின் மனைவி சீதாலெட்சுமி நல்ல மனசுக்காரி, கொடியின் இளந்தளிராகப் பறித்து ஒரு கட்டு நல்லம்மாளிடம் கொடுத்தனுப்பினாள். நல்லம்மாள் அதைப் பச்சைமிளகாய் போட்டுச் சுண்டினாள். சாப்பாட்டின்போது, கிராணி பாத்தியைப் பார்த்தால் கண்ணுக்கே குளிர்ச்சியாக இருக்கிறது என்று சும்மாதான் சொன்னாள். சின்னையாவுக்கு அந்தக் கீரை தொண்டையில் நின்றது. கண்ணுக்குக் குளிர்ச்சியா? இருபத்தோரு வருஷம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தரை வைத்திருந்தவன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாளாவது இவள் இந்த வார்த்தையைச் சொன்னாளா? தொண்டையில் நின்றாலும் இரண்டாம் தரம் கீரை போட்டுக்கொண்டார். பசி வேறு, பொறாமை வேறு.

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. முதலில், அவன் தண்ணீர் திருடுகிறான் என்று வைத்துக்கொண்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வாரம் குழாயடியைக் காத்தார். ஜெயராஜ் ஒரே ஒரு வாளிதான் எடுத்தான், அதிலும் வழியில் கால்வாசியைச் சிந்தினான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே, அதையும் சின்னையா சோதித்துப் பார்த்தார். நாலு நாள் வரப்போரம் நின்று அந்தப் பாத்தியைக் கண்ணாலேயே அடித்தார். ஒரு இலைகூட வாடவில்லை. ஜெயராஜ் வந்து, ஏதாவது தப்பாகச் செய்கிறேனா அண்ணே, இப்படிப் பார்க்கிறீர்களே என்று பவ்யமாகக் கேட்டான். அந்தப் பவ்யம் அவரை இன்னும் எரித்தது. வேலை தெரிந்தவன் பாத்தி காயும், தெரியாதவன் பாத்தி தழைக்கும் என்றால் தெரிந்துகொண்டது எதற்கு?

மாசிக் கடைசியில் சின்னையாவின் பாத்திக்கு எறும்பு வந்தது. வெயிலுக்குப் பயந்து நாலைந்து வாழைப்பட்டைகளை நனைத்து அவர் கொடிகளின் அடியில் போட்டிருந்தார். ஊரிலுள்ள எறும்பெல்லாம் ஈரத்தைத் தேடி அலைகிற நேரம், பட்டைக்கு அடியில் வந்து முட்டையோடு குடியேறிவிட்டன. செம்பழுப்பு நிறம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. கை வைத்தால் போதும், நெருப்புப் பட்ட மாதிரி இருக்கும்.

அதே சமயம் இன்னொரு வகையும் கொடித்தண்டுகளில் நடமாடுவதை அவர் பார்த்தார். எறும்பு மாதிரிதான், கொஞ்சம் நீளம். முதுகு நீலக் கறுப்பு, கழுத்து சிவப்பு, முகத்தில் மூக்கு ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. மண் வெடிப்புகளில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். காலை மடக்கிக்கொண்டு செத்தது போலக் கிடந்தது, கடிக்கவே இல்லை. சாது என்று அதை விட்டுவிட்டார். இருபத்தோரு வருஷ எறும்பு வைத்தியத்தில் அவர் எறும்பை இரண்டே ஜாதியாகத்தான் பிரித்திருந்தார், கடிக்கிறது, கடிக்காதது.

கடிக்கிறதைக் கொல்ல மண்ணெண்ணெய் இல்லை, வெந்நீருக்குத் தண்ணீர் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் கண் தானாகப் பக்கத்துப் பாத்திக்குப் போயிற்று. காகிதத்துக்கு அடியில் குளுகுளுவென்ற ஈரம். இந்தச் சனியன்களுக்கு அதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்? கெடுவான் கேடு நினைப்பான் என்று அவருக்கும் தெரியும், எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கிறார். தனக்கென்று வரும்போது பழமொழி ஞாபகத்துக்கு வருவதில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் குவார்ட்டர்ஸ் கதவுகளெல்லாம் சாத்திக் கிடந்தன. ஆண்கள் வேலையில், பெண்கள் அரைத் தூக்கத்தில். சின்னையா வாழைப்பட்டைகளை ஒவ்வொன்றாக அலுங்காமல் தூக்கிச் சாக்கில் வைத்தார். முட்டை, குஞ்சு, ராணி, படை எல்லாம் சேர்ந்து வந்தன. வரப்பைத் தாண்டி ஜெயராஜின் பாத்தியில் ஐந்து இடத்தில் காகிதத்தை விலக்கிப் பட்டையைச் செருகி, மறுபடி மூடினார். முழங்கை வரை கடி. ஆனால் வீட்டுக்குத் திரும்பியபோது மனசில் ஒரு திருப்தி இருந்தது, புல்தரை போன பிறகு அப்படி ஒரு திருப்தி அவருக்கு வந்ததே இல்லை.

பலன் உடனே தெரிந்தது. அன்று சாயங்காலம் வாளியோடு இறங்கிய ஜெயராஜ் நாலு எட்டு வைத்ததும் வாளியைப் போட்டுவிட்டுக் குதித்தான். இரண்டு காலும் வீங்கிப் பத்து நாள் நொண்டினான். சீதாலெட்சுமி மஞ்சளை அரைத்துப் போட்டாள். சின்னையா போய் விசாரித்துவிட்டு வந்தார், சுண்ணாம்பு தடவினால் நல்லது என்று யோசனையும் சொன்னார். தன் பாத்தியில் கடிக்கிற எறும்பு ஒன்றுகூட இல்லை. கடிக்காத சாதுக்கள் மட்டும் வெடிப்புக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன, நாளுக்கு நாள் அதிகமாகவும் ஆயின. அவற்றைப் பார்த்துப் பிரியமாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

சித்திரை பிறக்க நாலு நாள் இருக்கும்போது அதிகாரி வந்தார். வானம் அப்போதும் வெளுத்துத்தான் கிடந்தது. இருபது பாத்திக்காரர்களும் குடும்பத்தோடு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு வரிசையை அவர் கண்ணெதிரே தோண்டிக் காட்ட வேண்டும்.

முதல் பத்துப் பாத்தியில் சுண்டுவிரல் கிழங்குகள். சின்னையாவின் முறை வந்தது. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு மண்வெட்டியை இறக்கினார். வெட்டிய வெட்டைப் பார்த்தாலே தெரியும் கைகாரன் என்று. கிழங்கு பெரிதாகத்தான் வந்தது. கையில் எடுத்தபோதுதான் தோல் முழுக்க ஊசி குத்தின மாதிரி ஓட்டைகளைப் பார்த்தார். உடைத்தார். உள்ளே கறுத்துப் போய், சுரங்கம் சுரங்கமாக வெள்ளைப் புழு. கசப்பு நாற்றம் மூக்கில் ஏறியது. அடுத்த கிழங்கும் அப்படி, அதற்கடுத்ததும். ஒரு ஓட்டையிலிருந்து அவருடைய சாது ஒன்று மெதுவாக வெளியே வந்து, மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு நடந்தது.

அது எறும்பு இல்லை, வண்டு. அதன் குஞ்சுதான் உள்ளே நெளிகிற இந்தப் புழு. சின்னையாவுக்கு அந்தக் கணத்தில் புரிந்தது, புரிந்து என்ன பயன்? அதிகாரி ஒரு கிழங்கை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூர எறிந்தார். நல்லம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பன்றிகூடத் தொடாது அதை. நான்கு மாதச் சாப்பாடு மண்ணோடு போயிற்று.

அடுத்தது ஜெயராஜ். காகிதத்தை விலக்கி, கிழங்கில் காயம் படாமல் கையாலேயே தோண்டினான். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், சிவந்த தோல், ஒரு புள்ளி இல்லை. இருபது வீட்டு வாயிலிருந்தும் ஒரே பெருமூச்சு வந்தது. சின்னையா அந்தக் கிழங்குகளைப் பார்க்க மாட்டேன் என்று வேலியைப் பார்த்தார், ஆனால் வேலியைப் பார்க்கிற கண்ணாலேயே எல்லாவற்றையும் எண்ணிவிட்டார். குடிசை போயிற்று, குழாய் போயிற்று, அரிசி போயிற்று. தரையே போயிற்று, அதுவும் இவனுக்கு.

அப்போது அதிகாரி காலை உதறினார். எறும்பு பூட்ஸுக்கு மேலே ஏறிக் கடித்துவிட்டது. குனிந்து பார்த்தார், காகிதத்துக்கு அடியில் ஆயிரக்கணக்கில். வாழைப்பட்டை ஒன்றையும் இழுத்து எடுத்தார். முகம் சிவந்து ஏதோ கத்தினார். நஜ்முதீன், இந்தப் பட்டை தானாக வரவில்லை, யாரோ வைத்திருக்கிறார்கள், யார் வைத்தது என்று கேட்கிறார் என்றார்.

யாரும் அசையவில்லை. சின்னையா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“சின்னையா அண்ணன் வச்சாரு,” என்றான் ஜெயராஜ்.

முடிந்தது என்று சின்னையா நினைத்தார். நல்லம்மாள் இருந்த பக்கம் திரும்பக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் ஜெயராஜ் மண்டியிட்டு ஒரு இடத்தைக் காட்டினான். இரண்டு எறும்புகள் ஒரு வெள்ளைப் புழுவைக் கவ்வி இழுத்துக்கொண்டு போயின. பக்கத்தில் நாலு எறும்பு சேர்ந்து அந்தச் செங்கழுத்து வண்டு ஒன்றைக் கால் காலாகப் பிரித்துக்கொண்டிருந்தன. தன் கிழங்கு தப்பித்தது இந்த எறும்பால்தான் என்று ஜெயராஜ் சொல்ல, நஜ்முதீன் அதை ஜப்பான் பாஷையில் சொன்னார். அதிகாரி குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். ஊரில் விவசாயக் குடும்பமாக இருந்திருக்கும், மண்ணைப் பார்க்கிற பார்வை அப்படி இருந்தது. பிறகு எழுந்து சின்னையாவின் முகத்துக்கு நேரே வந்து நின்று ஒரு கேள்வி கேட்டார்.

“இவ்வளவு தெரிஞ்ச ஆளு ஏன் தன் பாத்தியில வைக்கலன்னு கேக்குறாரு, அண்ணே,” என்றார் நஜ்முதீன். அவர் குரலும் இறங்கியிருந்தது.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னால் தலை இருக்காது.

“புது வைத்தியம் இல்லையா,” என்றான் ஜெயராஜ், மண்டியிட்ட இடத்திலிருந்தே. “முதல்ல என் பாத்தியில வச்சுப் பாத்தாரு. கெட்டா என்னோடது கெடட்டும்னு.”

நஜ்முதீன் அதைச் சொன்னதும் அதிகாரி பல் தெரியச் சிரித்துவிட்டார். வரிசையில் நின்றவர்களும் தைரியம் வந்து சிரித்தார்கள். சின்னையா மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரி தீர்ப்புச் சொன்னார். கிழங்கு கிராணியுடையது, அதை அவனே எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கிழங்கைக் காப்பாற்றிய வித்தை சின்னையாவுடையது, ஆகவே அவர்தான் மண்டோர். அடுத்த பயிருக்கு இருபது பாத்தியிலும் எறும்பு இருக்க வேண்டும்.

கேட்டது கிடைத்துவிட்டது. நல்லம்மாள் நஜ்முதீனிடமிருந்து அரிசிப் பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத மாதிரி அதை முகர்ந்து பார்த்தாள். போகிறபோது புருஷனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள், நம் பாத்தி எறும்பு ஒரே நாளில் காணாமல் போனபோதே நினைத்தேன் என்று. கூட்டம் கலைந்தது.

ஜெயராஜ் தன் பாத்தியோரம் உட்கார்ந்து கிழங்கைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தான். சின்னையா அங்கேயே நின்றார். இந்தப் பதவி இவன் போட்ட பிச்சை என்கிற நினைப்பு அவரை நகர விடவில்லை. ஓட்டைக் கிழங்கோடு தோற்றுப் போயிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

“நான் வச்சத எப்பப் பாத்த?” என்றார் கடைசியில்.

“அன்னிக்கே. மத்தியானம். ஆபீஸ் மாடியில என் ஜன்னல்லேருந்து பாத்தா இந்தத் தரை முழுசும் தெரியும்ணே.” அவன் ஒரு கிழங்கின் மண்ணைத் துடைத்தான். “பட்டையச் செருகினது தெரிஞ்சுது, எறும்புன்னு சாயங்காலம் கால் வச்சப்பத்தான் தெரிஞ்சுது. என்னைக் கடிக்கணும்னுதான் வச்சீங்க. புழுவைத் தின்னும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கால் வீங்கி ஒண்ணும் செய்ய முடியாம உக்காந்து பாத்துக்கிட்டே இருந்ததுல தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் உண்மையச் சொல்லல?”

“சொன்னா தலை போயிருக்கும்ல.” ஜெயராஜ் இன்னொரு கிழங்கைச் சாக்கில் போட்டான். “அது இன்னிக்கு. அன்னிக்குச் சொல்லாததுக்கு வேற காரணம். பதினோரு வருஷமா நான் அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து முத்திரை குத்துறேன். கீழ நீங்க புல்லு மேல போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருப்பீங்க. என் கை பட்ட எடத்துல மைதான். உங்க கை பட்ட எடமெல்லாம் பச்சை. வயிறு எரிஞ்சு போயிருக்கேண்ணே. வீட்டுல சீதாவக் கேளுங்க, எத்தன தடவ புலம்பியிருக்கேன்னு. அப்படிப்பட்ட ஆளு என் பாத்தியப் பாத்துப் பொறாமைப்பட்டு வரப்பத் தாண்டி வர்றாருன்னா... எனக்குத் தலகால் புரியல. சொன்னா நீங்க பொறாமைப்படறத நிறுத்திடுவீங்களேன்னு சொல்லல.”

சின்னையாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தன் பொறாமையை ஒருவன் நாலு வாரம் தின்பண்டம் மாதிரி ருசித்திருக்கிறான். கோபம் வரவில்லை. அவர் மனசு வேறெங்கோ போய் நின்றது. தரை கண் முன்னால் கிடந்தது, கொத்தி, வெடித்து, காகிதமும் வண்டுமாக.

“மேலேருந்து பாத்தா எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“எது?”

“புல்லு.”

ஜெயராஜ் சாக்கைக் கீழே வைத்தான். “காலையில நீங்க உருளையை இழுத்துக்கிட்டு அந்தக் கோடிக்குப் போவீங்க, திரும்பி வருவீங்க. கீழ தெரியாது, மேலேருந்து பாத்தா கோடு கோடாத் தெரியும். ஒரு கோடு வெளிர்ப்பச்சை, அடுத்தது கரும்பச்சை, மறுபடி வெளிர்ப்பச்சை. இந்த வேலியிலேருந்து அந்த வேலி வரைக்கும். ஒண்ணுகூடக் கோணி நான் பாத்ததில்ல.”

இருபத்தோரு வருஷம் சின்னையா அந்தப் புல்லைக் குனிந்தே பார்த்தவர். துரைமார் மாடிக்கு அவரை யாரும் அழைத்ததில்லை, ஆபீஸ் மாடிக்கு அவருக்கு வேலை இருந்ததில்லை. அப்படிக் கோடுகள் விழுந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. பதினோரு வருஷம் தினந்தினம் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தவனின் கண்களை ஏறிட்டார். வயிறு பற்றி எரிந்தது, இந்தத் தடவை அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பாத்தி வரப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னொரு தடவ சொல்லு,” என்றார்.